ராக் பாடல்களில் ஆன்மாவின் தேடல்

சென்ற அக்டோபர் மாதம், செபமாலை மாத வழிபாடுகள் நடந்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் விடுதியில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. இரவு செபமாலை முடிந்ததும் மாதா பாடல் ஒன்று பாடிவிட்டுப் படுக்கச் செல்வது எங்கள் வழக்கம். ஒருநாள் எங்களுள் ஒருத்தி, 'லெட் இட் பி' என்ற ஆங்கிலப் பாடலைப் பாடலாமே என்றாள். "அதில் அன்னை மரியாளின் பெயர் வருகிறது, துன்ப வேளையில் அவள் வந்து ஆறுதல் சொல்கிறாள், அப்படியானால் அது மாதா பாட்டுத்தானே?" என்பது அவள் வாதம். அவள் தன் தாயை இழந்து அப்போது ஓராண்டுகூட நிறைவடையவில்லை.

உடனே ஒருத்தி, "அது மாதா பாட்டே இல்லை, பீட்டில்ஸ் பாட்டு" என்றாள். இன்னொருத்தி, "ராக் பாட்டெல்லாம் போதை மருந்து சாப்பிட்டுவிட்டு எழுதியது என்று எங்கள் அப்பா சொல்லியிருக்கிறார்" என்றாள். வேறொருத்தியோ, தன் அண்ணன் கேட்கும் பாடல்களில் உயிர் உடலைவிட்டுப் பறந்து போவது போலெல்லாம் வருகிறது என்றும், அது பேய்க் காரியம் என்றும் கூறி எங்களைப் பயமுறுத்தினாள். கடைசியில் விஷயம் எங்கள் மறைக்கல்விச் சகோதரியிடம் போயிற்று. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு பாட்டின் பொருள் தெரியாமல் அதைப் பாடுவதும் சரியல்ல, தெரியாமல் தள்ளுவதும் சரியல்ல. நீங்களே படித்து, கண்டுபிடித்து எழுதிக் கொண்டு வாருங்கள். பிறகு பார்க்கலாம்" என்றார். விளையாட்டாகத் தொடங்கிய வேலை இரண்டு மாதம் ஆகிவிட்டது. நாங்கள் படித்தறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

ராக் இசை என்றதும் நம் பெற்றோருக்கு நீண்ட தலைமுடியும் காதைப் பிளக்கும் கிதாரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது பிறந்த தொட்டில்களுள் ஒன்று கோவில் என்பதை அறிந்தபோது நாங்கள் வியந்தோம். 1950-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவான இந்த இசை, கறுப்பின மக்களின் 'புளூஸ்' என்னும் சோகப் பாடல்களிலிருந்தும், அவர்கள் தேவாலயங்களில் கைதட்டிப் பாடிய 'காஸ்பல்' பாடல்களிலிருந்தும் பிறந்தது. மின் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு இறைவனைப் பாடிய ரோசெட்டா தார்ப் என்ற பெண்மணி, ராக் பாடகர்கள் பலருக்கும் முன்னோடி. எல்விஸ் பிரெஸ்லி சிறுவயதில் கோவிலில் பாடி வளர்ந்தவர். அவர் போட்டியில் வென்ற கிராமி விருதுகள் மூன்றும் அவருடைய பக்திப் பாடல்களுக்கே கிடைத்தன! எனவே ராக் பாடலில் கடவுளைப் பற்றிய பேச்சு வருவதில் வியப்பில்லை. அது எங்கே போனாலும் தாய்வீட்டு வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

சில பாடல்களில் இது வெளிப்படையாகவே தெரியும். 'பேர்ட்ஸ்' என்ற குழுவினர் பாடி, 1965 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற 'டர்ன்! டர்ன்! டர்ன்!' என்ற பாடலின் சொற்கள் கிட்டத்தட்ட முழுவதும் விவிலியத்தில் சபை உரையாளர் நூலின் மூன்றாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு என்று வரிசையாகச் சொல்லும் பகுதி அது. துக்க வீட்டுத் திருப்பலிகளில் நாம் கேட்டிருக்கிறோம். பீட் சீகர் என்ற நாட்டுப்புறப் பாடகர் அதற்கு மெட்டமைத்து, கடைசியில் அமைதியை வேண்டும் சில சொற்களைத் தாமாகச் சேர்த்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சில சொற்களுக்காகவே இளைஞர்கள் அதை விரும்பினார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இத்தகைய பாடலில் பொருள் காண்பது எளிது. விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கலெல்லாம் உடலைவிட்டு ஆன்மா பிரிந்து செல்வது போல் அமைந்த பாடல்களில்தான் இருக்கிறது. இவற்றுள் நாங்கள் அதிக நாள் செலவிட்டது பீட்டில்ஸ் குழுவினரின் 'டுமாரோ நெவர் நோஸ்' என்ற பாடலுக்கு. 1966 ஆகஸ்டில் வெளிவந்த 'ரிவால்வர்' இசைத்தட்டின் கடைசிப் பாடல் அது. முதன்முறை கேட்டபோது எங்களுக்குத் தலைசுற்றியது. மூன்று நிமிடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சுருதியிலேயே நிற்கிறது. பின்னணியில் நம் ஊர்க் கச்சேரிகளில் கேட்கும் தம்பூரா ஒலிக்கிறது. கடற்பறவை கத்துவது போன்ற ஓசைகள் குறுக்கும் நெடுக்கும் பறக்கின்றன. பாடுகிறவரின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருகிறது.

இந்தப் பாடலுக்கு ஒரு வரலாறு உண்டு. திபெத்திய பௌத்தரிடையே 'பார்தோ தோதோல்' என்ற பழைய நூல் இருக்கிறது. ஒருவர் இறந்துபோனால், அவருடைய உயிர் அடுத்த பிறப்பை அடையும்வரை நாற்பத்தொன்பது நாட்கள் இடைவழியில் அலையும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்நாட்களில் அவர் காணும் ஒளிகளுக்கும் உருவங்களுக்கும் அஞ்சாமல் முன்செல்லும்படி, இறந்தவரின் செவிக்கென்றே ஓதப்படும் நூல் இது. 1927-இல் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியாகி மேல்நாடுகளில் பரவியது. பிறகு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் நீக்கப்பட்ட உளவியலாளர் திமொத்தி லியரி, தம் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து 1964-இல் ஒரு புத்தகம் எழுதினார். இறந்தவருக்காக எழுதப்பட்ட வழிகாட்டியை அவர் எல்.எஸ்.டி. என்னும் போதை மருந்தை உட்கொண்டவருக்கான வழிகாட்டியாக மாற்றிவிட்டார்! ஜான் லெனான் 1966-இல் லண்டன் புத்தகக் கடையொன்றில் அந்தப் புத்தகத்தை வாங்கினார். அதை வைத்தே இந்தப் பாடலை எழுதினார். கேட்பவரை அஞ்சாமல் தன்னுள்ளே இறங்கும்படி ஒரு குரு வழிநடத்துவது போலப் பாட்டு அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

ஒலிப்பதிவின்போது லெனான், தம் குரல் மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போல ஒலிக்கவேண்டும் என்று கேட்டாராம். அதற்காகத் தம்மைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஒலிவாங்கியைச் சுற்றிச் சுழற்றினால் என்ன என்றும் யோசனை சொன்னார். நல்ல வேளையாக ஒலிப்பதிவாளர்கள் அதற்கு இணங்கவில்லை. ஆர்கன் வாத்தியத்துக்கென உள்ள சுழலும் ஒலிபெருக்கியின் வழியாக அவர் குரலைச் செலுத்தி வேலையை முடித்தார்கள். உடலைவிட்டு விலகிய குரல் போல நமக்குக் கேட்பது ஒரு பெட்டிக்குள் சுழலும் சக்கரத்தின் வேலை! பாடலின் தலைப்போ வேதவாக்கு போலத் தோன்றினாலும், அது பாட்டுக்குள் எங்கும் வருவதில்லை. குழுவின் மேளக்காரர் ரிங்கோ ஸ்டார் பேச்சுவாக்கில் ஏறுமாறாகச் சொன்ன ஒரு சொற்றொடர் அது.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. தோழியின் தந்தை சொன்னது இந்தப் பாடலைப் பொறுத்தவரை உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒன்று எங்களை யோசிக்க வைத்தது. திபெத்தியத் துறவி ஒருவர் இறந்தவரின் அருகே அமர்ந்து நாள்தோறும் ஓதுவது அன்பின் செயல். நாமும் இறந்தவர்களுக்காக மூன்றாம் நாளும் முப்பதாம் நாளும் பூசை வைக்கிறோம் அல்லவா? லியரி அந்த அன்பை நூலிலிருந்து எடுத்துவிட்டுப் பயணத்தை மட்டும் வைத்துக்கொண்டார். பாடலில் ஏதோ குறைகிறது என்று எங்களுக்குத் தோன்றியதற்கு இதுதான் காரணம். அதில் பயணம் போகிறவர் ஒருவரே இருக்கிறார். அவருக்காக அழுகிறவர் யாருமில்லை.

அடுத்து நாங்கள் எடுத்துக்கொண்டது 'தி ஹூ' என்ற குழுவின் பீட் டவுன்செண்டை. இவருடைய கதை பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டியது. 1967 ஜூனில் கலிபோர்னியாவில் மாண்டரே என்னுமிடத்தில் ஒரு பெரிய இசைவிழா நடந்தது. அது முடிந்து விமானத்தில் ஊர் திரும்பும்போது டவுன்செண்ட் எஸ்.டி.பி. என்ற கடுமையான போதை மருந்தை உட்கொண்டார். வேதனை தாங்காமல் தம் உடலைவிட்டே தாம் வெளியேறிவிட்டதாகவும், மேலேயிருந்து தம் உடலைப் பார்த்ததாகவும் அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். கவிஞர்கள் பாடும் இன்பமயமான பறத்தலாக அது இல்லை. பெரும் அச்சமாக இருந்தது. அதன்பின் அத்தகைய மருந்துகளை அவர் விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மெஹர் பாபாவைப் பற்றி அறிந்தார். மெஹர் பாபா 1894-இல் புனே நகரில் ஒரு ஜொராஸ்டிரியக் குடும்பத்தில் பிறந்தவர். 1925 ஜூலை 10-ஆம் நாள் மௌனம் பூண்டவர், 1969 ஜனவரி 31-இல் உயிர் துறக்கும்வரை, நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வாய் திறந்து பேசவே இல்லை. முதலில் எழுத்துப் பலகையில் விரலால் சுட்டியும், பிறகு கைச்சாடையாலும் தம் கருத்தைத் தெரிவித்தார். (எங்கள் வகுப்பில் மௌன நேரத்தில் பத்து நிமிடம் பேசாதிருப்பதற்கே நாங்கள் படும் பாட்டைச் சகோதரிகள் அறிவார்கள்.) போதை மருந்துகளால் கடவுளைக் காணலாம் என்று மேல்நாட்டு இளைஞர் நம்பிய காலத்தில், அவை உடலுக்கும் மனத்துக்கும் ஆன்மாவுக்கும் கேடு என்று அவர் உறுதியாகக் கூறினார். 1966-இல் அதுபற்றி ஒரு சிறு பிரசுரமும் வெளியிடப்பட்டது.

1969 மே மாதம் டவுன்செண்ட் பெரும்பகுதி எழுதிய 'டாமி' என்ற இசைநாடகம் வெளிவந்தது. கண் தெரியாத, காது கேளாத, வாய் பேசாத ஒரு சிறுவனின் கதை அது. அதிர்ச்சியான ஒரு கொலையைக் கண்ட பிள்ளை புலன்கள் அனைத்தையும் இழந்து தன்னுள்ளேயே வாழ்கிறான். பின்னர் ஒரு கண்ணாடி உடையும்போது அவன் விடுதலை பெறுகிறான். மக்கள் அவனைத் தெய்வம்போல் கொண்டாடுகிறார்கள். அவனோ பெருமைகொண்டு, தான் பட்ட துன்பத்தையே எல்லாரும் பட்டால் ஞானம் பெறலாம் என்று நினைத்துச் சட்டம் போடுகிறான். மக்கள் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இசைத்தட்டின் உறையில் மெஹர் பாபாவின் பெயரும் அச்சிடப்பட்டிருந்தது. பேசாத குருவுக்கும் பேசாத சிறுவனுக்கும் உறவு உண்டு என்பது எங்கள் ஊகம். கதையில் சில பகுதிகள் பள்ளிப் பிள்ளைகள் கேட்கத்தக்கவையல்ல என்பதையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறோம். ஆனாலும் இதில் வரும் கேள்வி பெரியது. புலன்களை அடைத்துக்கொண்டு உள்ளே போனவன் என்ன பெற்றுக்கொண்டு வெளியே வருகிறான்? அவன் பெற்றது அன்பில்லாத ஞானம் என்றால் அதனால் யாருக்கு என்ன பயன்? போதையில் உடலைவிட்டு வெளியேறிய டவுன்செண்டே இந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதால் அவர்மீது எங்களுக்கு மதிப்பு உண்டாயிற்று.

இனி, பொருள் காண்பதில் நாங்களே ஏமாந்த கதை. 'பிங்க் ஃபிளாய்ட்' என்ற குழுவின் இரு பாடல்களை எடுத்துக்கொண்டோம். 1979-இல் வெளிவந்த 'தி வால்' தொகுப்பில் 'கம்ஃபர்டபிளி நம்ப்' என்றொரு பாடல் உண்டு. பாடுகிறவன் தன் உடலின் கைகள் தன்னுடையவை அல்லாததுபோல் உணர்கிறான்; பேசுகிறவர்களின் வாயசைவு தெரிகிறது, சொல் கேட்கவில்லை; சிறுவயதில் காய்ச்சலில் கிடந்தது நினைவுக்கு வருகிறது. இதுவல்லவா ஆன்மா உடலைவிட்டுப் பிரியும் நிலை என்று நாங்கள் இரண்டு பக்கம் எழுதிவிட்டோம். பிறகுதான் தெரிந்தது: 1977-இல் பிலடெல்பியா நகரில் நிகழ்ச்சிக்கு முன் ரோஜர் வாட்டர்ஸுக்குக் கடுமையான வயிற்றுவலி, மருத்துவர் ஒருவர் ஊசி போட்டு அவரை மேடைக்கு அனுப்பினார், அவரும் மரத்துப்போன கைகளோடு வாசித்து முடித்தார். அந்த அனுபவமே பாட்டாயிற்று. இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டோம்.

இரண்டாவது பாடல் 1987-இல் வந்த 'லேர்னிங் டு ஃபிளை'. மண்ணைவிட்டு எழ ஏங்கும் ஒருவனின் பாட்டு. இந்தமுறை கவனமாகத்தான் இருந்தோம். ஆனாலும் ஆன்மா சிறகு விரிக்கிறது என்றே குறித்து வைத்தோம். பார்த்தால், டேவிட் கில்மர் அந்நாட்களில் உண்மையாகவே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்!

ஆனாலும் கிழித்துப் போட்ட பக்கங்களுக்காக எங்களுள் ஒருத்தி இன்னும் வருந்துகிறாள். ஊசியால் வந்தது என்பதாலேயே அந்தப் பாட்டில் ஆன்மாவைப் பற்றி ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்கிறாள். தன் உடலும் தன்னுடையதாக இல்லாமல், சுற்றியிருப்பவர் சொல்வதும் கேட்காமல், மேடையில் பதினாயிரம் பேர் முன் தனித்து நிற்பது ஓர் ஆன்மாவின் துன்பம் இல்லையா? அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டு எங்கிருந்து பிறந்தது என்பது ஒன்று. அது எதைக் காட்டுகிறது என்பது வேறொன்று. ஆயினும் முதலாவதை அறியாமல் இரண்டாவதைப் பற்றிப் பெரிதாகப் பேசக்கூடாது என்பதைக் கற்றுக்கொண்டோம்.

உடலைவிட்டு வெளியேறும் உணர்வு பற்றி மருத்துவ அறிவியலும் ஆராய்ந்திருக்கிறது. 2002-இல் சுவிட்சர்லாந்தின் மருத்துவர் ஓலாஃப் பிளாங்கேயும் உடன் பணியாற்றியவர்களும் வலிப்புநோய் கொண்ட ஒரு பெண்மணிக்குச் சிகிச்சைக்காக மூளையைச் சோதித்தனர். மூளையின் வலப்பக்கத்தில் காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள ஒரு பகுதியை மின்சாரத்தால் இலேசாகத் தூண்டியபோது, தாம் மேலே மிதப்பதாகவும் கட்டிலில் கிடக்கும் தம்மையே காண்பதாகவும் அவர் கூறினார். நம் உடல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணும் காதும் தசைகளும் தரும் செய்திகளைச் சேர்த்து மூளைதான் நமக்குச் சொல்கிறது. அந்தச் சேர்க்கை கலைந்தால் நாம் வெளியே இருப்பதாகத் தோன்றும் என்பது அவர்கள் விளக்கம். அண்ணனின் பாடல்களைக் கேட்டுப் பேய்க் காரியம் என்று பயந்த எங்கள் தோழி இதைப் படித்தபின் கொஞ்சம் தெளிந்தாள்.

அப்படியானால் புனிதர்கள் கண்ட காட்சிகளும் மூளைக் கோளாறா என்ற கேள்வி எழும். எங்களுக்கும் எழுந்தது, சற்றுப் பயத்தோடுதான் சகோதரியிடம் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. புனித பவுல் (எங்கள் பாட்டிமார் சின்னப்பர் என்பார்கள்) கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படிக்கச் சொன்னார். மூன்றாம் வானம்வரை எடுத்துச் செல்லப்பட்ட ஒரு மனிதரைப் பற்றிப் பவுல் அங்கே எழுதுகிறார். அது தாம்தான் என்பது படிப்பவருக்குத் தெரியும். ஆனால் உடலோடு போனாரா, உடலைவிட்டுப் போனாரா என்பது தமக்குத் தெரியாது, கடவுளுக்கே தெரியும் என்கிறார். அதையும் ஒருமுறையல்ல, இருமுறை சொல்கிறார்! அங்கே கேட்டதைச் சொல்லவும் மறுத்துவிடுகிறார். அடுத்து அவர் எழுதுவது தம் உடலில் தைத்த முள்ளைப் பற்றி. வானத்தைக் கண்டவர் முள்ளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்.

அவிலா நகரின் பெரிய தெரேசம்மாளும் இப்படித்தான். 1577-இல் எழுதிய 'அகத்துக் கோட்டை' என்னும் நூலில், ஆன்மா உடலிலிருந்து பறந்து செல்வது போன்ற நிலையை விவரித்துவிட்டு, அப்போது அது உடலில் இருந்ததா இல்லையா என்பதைத் தம்மால் சொல்ல இயலாது என்று அவரும் ஒப்புக்கொள்கிறார். செபத்தில் தம் உடல் தரையைவிட்டு எழுந்தபோது அவர் மகிழவில்லை, வெட்கப்பட்டார். தம்மைப் பிடித்துக்கொள்ளும்படி உடனிருந்த சகோதரிகளைக் கேட்டுக்கொண்டார். இத்தகைய அனுபவங்கள் கடவுளிடமிருந்து வந்தவையா என்று அறிய அவர் வைத்த சோதனை எளிது: அதன்பின் தாழ்ச்சி வளர்ந்ததா, அயலார்மீது அன்பு வளர்ந்ததா? எவ்வளவு உயரம் பறந்தாய் என்று அவர் கேட்பதேயில்லை. 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அந்தப் பட்டத்தை முதலில் பெற்ற பெண் அவரே என்பதைப் பெண்கள் பள்ளியின் மலரில் குறிப்பிடாமல் விட மனமில்லை.

தெரேசம்மாளின் இந்தச் சோதனையைக் கையில் எடுத்துக்கொண்டு பாடல்களுக்குத் திரும்பினோம். எங்களுக்கு வழி தெளிவாயிற்று. உடலைப் பகையாக நினைத்து அதிலிருந்து தப்பியோடும் பாடல்கள் ஒருவகை. சரீர உத்தானத்தை அறிக்கையிடுகிற நமக்கு அவை ஒத்துவரா. நம் நம்பிக்கையில் உடல் கழற்றி எறியும் சட்டையன்று. ஆனால் மேலே போனவன் மீண்டு வந்து, பிறரை முன்னைவிட அன்போடு பார்க்கும் பாடல்களும் உண்டு. அவற்றை எழுதியவர் எந்தச் சமயத்தவர் ஆனாலும் நாம் செவிகொடுத்துக் கேட்கலாம்.

ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்' அத்தகையது. அதுவும் 1970-இல் வந்ததுதான். ஹாரிசன் தாய்வழியில் கத்தோலிக்கராக வளர்ந்து, பின்னர் கிருஷ்ண பக்தியில் ஈடுபட்டவர். இறைவனைக் காணத் துடிக்கும் ஏக்கத்தைத் தவிர அந்தப் பாட்டில் வேறெதுவும் இல்லை. பின்னணிக் குரல்கள் முதலில் 'அல்லேலூயா' என்று பாடுகின்றன. கொஞ்ச நேரத்தில் அது 'ஹரே கிருஷ்ணா' என்று மாறிவிடுகிறது. கேட்பவர்கள் தம்மை அறியாமலே இரண்டையும் பாடிவிடவேண்டும் என்று வேண்டுமென்றே அப்படி அமைத்ததாக அவர் கூறியிருக்கிறார். இது எங்களில் சிலருக்குப் பிடித்தது. சிலருக்கோ தந்திரமாகப் பட்டது. இன்றுவரை எங்களுக்குள் உடன்பாடு இல்லை. அந்தப் பாட்டின் மெட்டு, 1963-இல் புகழ்பெற்ற வேறொரு பாடலை அறியாமலே தழுவியது என்று 1976-இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்திப் பாட்டுக்காக நீதிமன்றம் ஏறியவரை எண்ணிப் பரிதாபப்பட்டோம்.

கடைசியாக எங்கள் வாக்குவாதத்துக்குக் காரணமான 'லெட் இட் பி'. இதைத்தான் நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். உண்மை என்ன என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது; தோழியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அது மாதாவைப் பற்றிய பாட்டு அல்ல. பால் மெக்கார்ட்னியின் தாயின் பெயர் மேரி. கத்தோலிக்கப் பெண்மணி, தாதியாகவும் பேறுகால மருத்துவச்சியாகவும் பணிபுரிந்தவர். 1956 அக்டோபர் 31-ஆம் நாள், மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். அப்போது பாலுக்கு வயது 14. பல ஆண்டுகள் கழித்து, 1968-இல், குழுவில் பூசலும் மனக்கசப்பும் மிகுந்து அவர் கலங்கியிருந்த வேளையில், ஓரிரவு தாய் கனவில் வந்தார். கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்ற பொருளில் ஆறுதல் சொன்னார். அந்தக் கனவே பாட்டு. 1970 மார்ச்சில் அது வெளிவந்தது. மாதாவைக் குறிப்பதாக எடுத்துக்கொண்டு அதைப் பாடித் தம் விசுவாசத்தை வளர்த்துக்கொள்கிறவர்களைப் பற்றித் தமக்கு மகிழ்ச்சியே என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் படித்த பாடல்கள் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் உடலைவிட்டு வெளியே போகிறார். இதில் மட்டும், போன ஒருவர் திரும்பி வருகிறார். அதுவும் பிள்ளையைத் தேடி. இதை நாங்கள் கண்டுபிடித்தபோது நள்ளிரவுவரை பேசிக்கொண்டிருந்து விடுதிச் சகோதரியிடம் திட்டு வாங்கினோம்.

ஒரு சனிக்கிழமை மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது தோழியிடம் சொன்னோம். மாதா பாட்டு இல்லை என்றதும் அவள் முகம் வாடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைக்காமலே, "அவருக்கு எத்தனை வயது என்றீர்கள்?" என்று கேட்டாள். பதினான்கு என்றோம். "எனக்கும் அப்போது பதினான்குதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனபிறகுதானே அம்மா வந்தார்கள்? அப்படியென்றால் எனக்கு இன்னும் நாள் இருக்கிறது" என்றாள். எங்களுள் யாருக்கும் அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாங்களும் துணி மடித்தோம்.

எழுதியதையெல்லாம் சகோதரியிடம் கொடுத்தோம். அவர் இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். பவுலடியாரைப் பற்றிய இடத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். திருப்பலியில் திருவழிபாட்டுக்கு உரிய பாடல்களையே பாடவேண்டும் என்றும், விடுதியில் இரவு செபமாலைக்குப் பின் என்றால் பாடலாம் என்றும் கூறினார். தோழியின் தாயாருடைய முதலாண்டு நினைவுநாளன்று, செபமாலையின் கடைசி பத்து மணியை அவரது ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுத்துவிட்டு அதைப் பாடினோம். ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவள் அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். சுருதி இல்லாமல்தான் பாடினோம். இரண்டாம் சரணத்தில் பாதிப்பேருக்கு வார்த்தை மறந்துவிட்டது. தோழிக்கு மட்டும் முழுவதும் தெரிந்திருந்தது.